சொட்டு விழுந்த இடம்

சிதம்பரம்,
25-9-2012, செவ்வாய்க்கிழமை.

என் சொட்டுவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பேரன் அறிவுமதியும் அந்த மஸ்கட் வெயிலில் தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும், காலையில் விளக்கு ஏற்றும்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன், எனக்கென்று கேட்பது அதற்கு அப்புறம்தான். இங்கே நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், கால் வீக்கம் வற்றிவிட்டது, நீ அனுப்பிய தைலம் இன்னும் பாதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டு இருக்கும்போதே போன் நின்றது, கரண்டு போய் சார்ஜு இல்லாமல் நின்றிருக்கும் என்று நினைத்திருப்பாய், கரண்டு இங்கே பாதி நாள் இல்லைதான், ஆனால் அன்றைக்கு அதனால் நிற்கவில்லை, நான்தான் வைத்தேன். நீ சொன்ன வார்த்தை அப்படி. "ரெண்டடி சந்துக்கு ஏம்மா இப்படி மல்லுக்கு நிக்கிற, வைத்தி மாமா என்ன அந்நியமா, நாளைக்கு நானா வந்து அந்தச் சந்துல படுக்கப் போறேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், உன்மேல் குற்றம் இல்லை, உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லாமல் வைத்தது நானும் அப்பாவும். போனில் சொல்ல வாய் வராது, பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், பிள்ளை இருப்பான், அதனால்தான் இந்த அஞ்சாங்கிளாசு எழுத்தில் காகிதம் எழுதுகிறேன், தப்பு இருந்தால் சிரிக்காமல் படி.

அந்தச் சந்தில் உன் அண்ணன் இருக்கிறான். நீ பிறப்பதற்கு இரண்டு வருசம் முன்னால் ஐப்பசி மழையில் வீட்டிலேயே பிறந்தான், தெருவெல்லாம் தண்ணீர், ஆஸ்பத்திரிக்கு வண்டி போகவில்லை. பிரசவம் பார்த்தது சவரியம்மாள், அந்தக் காலத்தில் நம் பக்கத்துக்கெல்லாம் அவள்தான். பிள்ளை அழவே இல்லை, பொழுது விடிந்து பால்காரன் மணி அடிக்கிற நேரம் வரைக்கும் மூச்சு இருந்தது, அப்புறம் இல்லை. அப்பா துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் புறப்பட்டார், சவரியம்மாள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். "தலச்சனப் போயி தூரத்துல வைக்காத தம்பி, மந்திரத்துக்கு மை எடுக்கிறவன் தோண்டிருவான். ஊட்டோரம் சொட்டு விழுற எடத்துல வையி. மழ விழ விழ சூடு ஆறும், ஆறுனா இவ வயித்துக்கே திரும்பி வரும்" என்றாள். நம்முடைய ஓட்டு வீட்டின் மேற்குத் தாவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற வரிசையில், கொல்லைப்பக்கத்துக் கடைசியில், அப்பாவே இடுப்பளவு தோண்டி வைத்தார். அவன் மேல் மட்டும் ஒரு கல் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஏழு செம்பறாங்கல் வாங்கி வந்து அந்த வரிசை முழுக்கப் பதித்தார், கேட்டவர்களுக்கு மண் தெறிக்காமல் இருக்க என்று சொன்னார். கடைசிக் கல் அவனுடையது. அப்புறம் நீ வந்தாய். உன்னைக் கையில் வாங்கியதும் அப்பா கூப்பிட்ட பேர்தான் சொட்டு. துளியூண்டு இருந்ததால் அந்தப் பேர் என்று உன்னிடம் சொல்லி வைத்தோம், அது இல்லை. "பையனா போனவன் பொண்ணா வந்துட்டான், சொட்டுலேர்ந்து எந்திரிச்சி வந்தவடி இவ" என்று என்னிடம் சொல்லிச் சொல்லித்தான் அவர் என்னைத் தேற்றினார். சின்னப் பிள்ளையில் மழை பெய்தால் நீ போய் அந்தக் கடைசிக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு தாவாரத் தண்ணீரில் தலையைக் காட்டுவாய். ஒரு நாள் நான் ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்து உன்னை இழுத்துப் போட்டேன், எதுக்கும்மா அடிச்ச என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசாமல் இருந்தாய். இதற்குத்தான் அடித்தேன்.

இனி வீட்டுச் சங்கதி. போன ஐப்பசியில் அப்பா போனார், அவரை எடுத்த அன்றைக்கும் மழை. நீ வந்து கருமாதி முடித்துக்கொண்டு விமானம் ஏறிய பிறகும் மழை விடவில்லை, படுத்தால் அந்தச் சொட்டு கல்லில் விழுகிற சத்தம்தான். முன்னேயெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைக்குக் குளிர்ச்சி என்று நினைத்துக்கொள்வேன், அப்பா போன பிறகு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற மாதிரி இருந்தது. மார்கழியில் தானே புயல் வந்து ஓடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது, நீ பணம் அனுப்பிவைத்தாய், மாசியில் தளம் போட்டோம். அன்றைக்குக் கலியமூர்த்தி மேஸ்திரி என்னிடம் கேட்கத்தான் கேட்டான். "யக்கா, மேக்கால பழைய தாவாரத்து அளவுக்கு நீட்டி விட்டுறட்டுமா" என்றான். வேண்டாம் என்று சொன்னவள் நான். தண்ணீர் எல்லாம் கிழக்கே போகிற மாதிரி வாட்டம் வை, ஒரே குழாயில் இறக்கிவிடு, அந்தச் சொட்டுச் சத்தம் இனிமேல் எனக்கு வேண்டாம் என்றேன். அவன் கல்லையும் பேர்த்துக் கொல்லை வாசலுக்குப் படியாகப் போட்டான். கடைசிக் கல்லைத் தொடாதே என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, விட்டுவிட்டேன். சத்தம் நின்றது. அதோடு நம் எல்லையும் போனது, அது எனக்கு அப்போது தெரியவில்லை.

மேற்கு வீட்டு வைத்திலிங்கம் மாமா ஆவணியில் மாடி வீடு ஆரம்பித்தார். அவர் மகன் செந்தமிழ்செல்வனுக்குத் தையில் கல்யாணம், மருமகள் காலெடுத்து வைப்பதற்குள் மேலும் கீழும் முடிக்க வேண்டும் என்று அவசரம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், புயல் அன்று காலையில் ஓடு பறக்கப் பறக்க என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வீட்டில் உட்கார வைத்தவர் அவர்தான். மேஸ்திரியும் நமக்குத் தளம் போட்ட அதே கலியமூர்த்தி. பூசை போட்டுக் கயிறு கட்டும்போது போய்ப் பார்த்தால் நம் சுவரை ஒட்டிக் கட்டியிருக்கிறான், மூன்று பில்லர் சந்துக்குள் வருகிறது. தெருப்பக்கம் இரண்டு குழி ஆள் உயரத்துக்குத் தோண்டிவிட்டார்கள். மூன்றாவது நாள் நம் நடு அறையில் மேற்குச் சுவரில் சன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் விரிசல் விட்டது. கலியமூர்த்தி வந்து தடவிப் பார்த்து, விரிசல் மேல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிமெண்டில் பொட்டு வைத்து, பக்கத்தில் பென்சிலில் தேதி எழுதி, "பொட்டு ஒடஞ்சா சொல்லுக்கா, ஒடயலன்னா பயம் இல்ல" என்றான். எனக்கு எடுத்த பொட்டைச் சுவருக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். நாலாம் நாள் குறுக்கே பிளந்துவிட்டது, இப்போது இரண்டாவது பொட்டு இருக்கிறது.

உன்னிடம் கேட்காமலே நான் நகராட்சி ஆபீசுக்குப் போனேன், கோபித்துக்கொள்ளாதே. மரியாதையாகத்தான் பேசினார்கள். மாமா கொடுத்த பிளானை எடுத்துப் பார்த்து, பக்கத்தில் இடம் விட்டுத்தான் வரைந்திருக்கிறது என்றார்கள். காகிதத்தில் விட்டிருக்கிறார் தரையில் விடவில்லையே ஐயா என்றேன். "எல்லை எதுன்னு மொதல்ல முடிவாகட்டும்மா, அது தெரியாம அவுரு எவ்ளோ தள்ளிக் கட்டணும்னு நான் எப்படிச் சொல்றது, சர்வேயருக்கு எழுதிக் குடுங்க" என்றார் அங்கே இருந்தவர். எழுதிக் கொடுத்தேன், சர்வேயரும் வந்தார், நல்ல பையன், திட்டக்குடிப் பக்கமாம். இரண்டு வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிப் படித்தார். நம் பத்திரத்தில் மேற்கே கூரைச் சொட்டு விழும் எல்லை வரை என்று எழுதியிருக்கிறது. மாமாவுடையதில் கிழக்கே சுப்புராயன் வீடு வரை என்று அப்பா பேர்தான் இருக்கிறது. சர்வேயர் நம் தளத்தை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். "சொட்டு விழுந்திருந்தா விழுற எடத்துல முளை அடிச்சிட்டுப் போயிருப்பேன். ஓடும் இல்ல தாவாரமும் இல்ல, நான் எத வச்சும்மா அளப்பேன்" என்றார். மாமா சிரித்தார். "சொட்டு வரைக்கும் உங்க எடம்னுதானக்கா பத்திரம் சொல்லுது, சொட்டே நின்னுபோச்சே" என்றார். நான் விடாமல் கொல்லை வாசலுக்குக் கூட்டிப்போய்ப் படிக்கல்லைப் புரட்டிக் காட்டினேன். முப்பது வருசம் தண்ணீர் விழுந்து விழுந்து ஒவ்வொரு கல்லிலும் விரல் நுழைகிற குழி இருக்கிறது. சர்வேயர் குழிக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இருந்த எடத்துல இருந்தா இதுதான் சாட்சி, நவுத்திட்டீங்களேம்மா" என்றார். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். நீ ஊரான் வீட்டுக்கெல்லாம் பிளான் போடுகிறவள், உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாவாரத்தை விடு என்று சொல்லியிருப்பாய். கேட்கவில்லை.

மூன்றாவது குழி இன்னும் தோண்டவில்லை. அது அவன் இருக்கிற இடத்திலேயே வருகிறது. அதைத் தோண்ட விடாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா, கடைக்குப் போய் மிளகாய் வாங்கி வந்து, பழைய பாயைப் போட்டு அந்த இடத்தில் காய வைத்துவிட்டேன். காலையில் பரப்புவது, சாயந்திரம் பாயோடு சுருட்டி அங்கேயே வைப்பது. இன்றைக்குப் பதினோராம் நாள். சிவப்பெல்லாம் போய் வெளுத்துவிட்டது, தொட்டால் நொறுங்குகிறது. சித்தாள் பொம்பிளைகள், "யம்மா, மொளகாய்க்குப் பட்டா வாங்கிட்டியா" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கலியமூர்த்தி ஒரு பக்கமாக நகர்த்தப் பார்த்தான், மிளகாய் நெடியில் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டுக்கொண்டு போனான், அன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்தது, அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். மாமா சம்சாரம் ரத்தினம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னக்கா, மண்ணுக்குள்ள பானையில தங்கம் கிங்கம் பொதச்சு வச்சிருக்கியா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆமாம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

நேற்று திங்கட்கிழமை கடலூரில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள் என்று சொன்னார்கள், முதல் பஸ்ஸில் போனேன். வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார், கடைசியில் பேனாவை நிறுத்தி, "ஒனக்கு இதுல என்ன நஷ்டம்னு சொல்லும்மா, அதுதான் முக்கியம். காத்து வராதா, வெளிச்சம் வராதா, செவுரு உழுந்துருமா, எது" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்கள். செவுரு என்றேன். சுவர் என்று எழுதினார். உள்ளே வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், பதினைந்து நாளில் பதில் வருமாம். திரும்பி வரும்போது குடிகாட்டுக்கிட்டே பஸ் நின்றது, கையில் இருந்த ரசீதைப் படித்தேன், பக்கத்து வீட்டு ஆக்கிரமிப்பு சம்பந்தமாக என்று இருந்தது, அதைத் தவிர ஒன்றும் இல்லை. அவர்கள் மேல் என்ன தப்பு, நான் சொன்னதைத்தானே எழுதுவார்கள்.

ஏன் சொல்லிவிட்டால் என்ன என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன் சொட்டு. அது கல்யாண வீடு. புது மருமகள் புழங்கப்போகிற வீட்டுத் தூணுக்கு அடியில் இப்படி ஒன்று என்று தெரிந்தால் ரத்தினம்மாள் ஒரு நாழி பொறுப்பாளா, ஆளை விட்டுத் தோண்டி எடுத்து எங்கேயாவது போட்டுவிட்டு வந்து வீட்டைக் கழுவிவிடுவாள், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். சொன்னால் அள்ளிக் கொட்டுவார்கள், சொல்லாவிட்டால் காங்கிரீட்டைக் கொட்டுவார்கள். நானே தோண்டி எடுத்துக் கிழக்கே வைத்துவிடலாம் என்றால் முப்பது வருசத்துக்கு அப்புறம் எதை எடுப்பேன், எந்தக் கைப்பிடி அவன், எந்தக் கைப்பிடி மண்.

நேற்று சாயந்திரம் நான் பஸ் இறங்கி வந்து முகம் கூடக் கழுவவில்லை, மாமாவும் ரத்தினம்மாளும் வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. ஒரு தாள் கொண்டுவந்திருந்தார்கள், சந்தில் கட்டுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் விரிசலைத் தன் செலவில் கொத்திப் பூசித் தருவதாகச் சொன்னார், சுவருக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் மேலே ஏறுவோம் என்றார். "மாமன் இருந்திருந்தா இந்த ரெண்டடிக்கு இப்படி நிக்க மாட்டாருக்கா. வெள்ளிக்கிழம நல்ல நாளு, மூணு பில்லருக்கும் ஒண்ணா காங்கிரீட்டு போடணும், மிசினு சொல்லியாச்சு. அன்னைக்குக் காலையில வெட்டிட்டுப் போட்டுருவோம், மொளகாய மட்டும் எடுத்துருங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, இன்னும் போடவில்லை.

நீயும் விட்டுக்கொடு என்கிறாய், மாப்பிள்ளையும் விட்டுக்கொடு என்கிறார், சேத்தியாத்தோப்பிலிருந்து உன் அத்தை தங்கம்மாளும் விட்டுத் தொலை என்கிறாள். எல்லோரும் சொல்வது நியாயம்தான், விரிசல் விட்ட சுவருக்குக் கீழே ஒண்டிக்காரி படுத்திருக்கிறாள் என்ற கவலையில் சொல்வது. அப்பா இருந்தால் அவரும் கையெழுத்துப் போடத்தான் சொல்லுவார், அவருக்குச் சந்தேகமே கிடையாது, திரும்பி வந்தவள் மஸ்கட்டில் இருக்கிறாள் சந்தில் யார் இருக்கிறார்கள் என்பார். எனக்கும் அவர் இருந்தவரைக்கும் சந்தேகம் இல்லை. இப்போது சொல்ல ஆள் இல்லை, அதனால் வருகிறது. உன்னை முதன்முதலாகத் தூக்கியபோது அவன் முகம்தானா என்று தேடித் தேடிப் பார்த்தேன், உன் காது அவன் காது மாதிரி இருந்தது, மூக்கு அப்படி இல்லை. நீ அவன்தான் என்றால் அந்த இடம் வெறும் மண், வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் மிளகாயை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையெழுத்தையும் போட்டுவிடுவேன், மாமா நன்றாகக் கட்டிக்கொள்ளட்டும். நீ வேறு அவன் வேறு என்றால் பாயின் மேல் நானே உட்கார்ந்துகொள்வேன், பைத்தியம் என்று சொல்லட்டும். இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு அழாதே, மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். உன்னை நான் வேறு பிள்ளைக்குப் பதிலாக வளர்த்தேன் என்று மட்டும் ஒருநாளும் நினைக்காதே, உன்னை உனக்காகத்தான் வளர்த்தேன், அந்த அடி ஒன்றைத் தவிர. பேரனை வெயிலில் விடாதே, எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டு. நீ வேலை செய்கிற இடத்தில் யாராவது தாவாரம் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள். ஐப்பசியில் அப்பாவுக்கு முதல் திதி வருகிறது, நாள் பார்த்து அடுத்த போனில் சொல்கிறேன், அன்றைக்கு வீட்டில் கவிச்சி வேண்டாம், அங்கே காக்கை வராவிட்டாலும் ஒரு பிடி சோறு வெளியே வை. தில்லைக்காளி உங்கள் மூன்று பேருக்கும் நிழலாக நிற்கட்டும், நீ தீர்க்க சுமங்கலியாக இரு, பேரன் என் தலைக்கு மேலே வளரட்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
சு. ராசம்மாள்.

மடித்து ஒட்டப் போனவள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மேற்கே மேகம் கறுத்திருக்கிறது, மிளகாயை எடுக்க வேண்டும், எடுக்கப் பயமாகவும் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவன் எழுந்துதான் நீயாக வந்தாயா சொட்டு, இல்லை அவனை அங்கேயே தூங்க விட்டுவிட்டு நீ மட்டும் வந்தாயா?